வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியது? செரமிக் பாகங்களில் மணி ஒழுங்கால் வரும் கோளாறுகளைப் பிடிப்பது எப்படி

உடைந்த செரமிக் பாகத்தைக் கையில் எடுத்ததும் பட்டறையில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "சரக்கு சரியில்லை", அல்லது "சூளை சரியில்லை". இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒரே வகைப் பாகம் திரும்பத் திரும்ப ஒரே திசையில் வெடிக்கிறதென்றால் அந்த இரண்டு தீர்ப்புகளையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். சரக்கில் கலந்த அழுக்குக்குத் திசை தெரியாது. பாகத்தை எந்தப் பக்கமிருந்து பிழிந்தார்கள் என்பது சூளைக்கும் தெரியாது. அது தெரிந்தது அச்சுக்கும் டைக்கும் (களியைப் பிழிந்து உருக்கொடுக்கும் துவாரத்துக்கும்) மட்டுமே.

கொழும்பிலும் சுற்றுவட்டத்திலும் இந்தப் பாகங்கள் எங்கும் உண்டு. நெசவாலையில் நூல் ஓடும் அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) வளையம், ஆர்கன் வெல்டிங்கின் கப், தண்ணீர்ப் பம்பின் சீல் வளையம், ஹீற்றர் குழாய், மின்கம்பத்துப் போர்சலின் காவலி (இன்சுலேற்றர்), செட்டியார்தெருப் பத்தர்களின் மூசை என்று நீளும். செய்பவர், வாங்கிப் பொருத்துபவர், உடைந்தபின் காரணம் தேடுபவர் ஆகிய மூவருக்குமாக இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

திசை எங்கிருந்து வருகிறது

செரமிக் என்பது பல்லாயிரம் சிறு பளிங்கு மணிகள் ஒட்டிக்கொண்ட திண்மம். ஒவ்வொரு மணியும் தன் அச்சுகளில் வெவ்வேறு விதமாக நடக்கும். அலுமினாவையே பாருங்கள்: ஒரு மணி அதன் சி அச்சில் (பளிங்கின் நெட்டச்சில்) விரியும் அளவு, அதற்குக் குறுக்கே விரியும் அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட. மணிகள் தாறுமாறாகக் கிடந்தால் இந்த வேறுபாடுகள் பாகம் முழுவதிலும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பாகத்துக்கு மொத்தத்தில் திசை இராது.

மணிகள் தகடாகவோ குச்சியாகவோ இருந்து, உருவாக்கும்போது ஒரே பக்கம் பார்த்துப் படுத்துவிட்டால் கதை மாறும். இதைத்தான் மணி ஒழுங்கு என்கிறேன். டையினூடாகப் பிழிந்தால் குச்சிகள் ஓட்டத்தின் வழியே நீட்டிக்கொள்ளும், தகடுகள் சுவருக்குச் சமாந்தரமாகப் படுக்கும். மேலிருந்து அழுத்தினால் தகடுகள் அழுத்தும் திசைக்குக் குறுக்கே படுக்கும். மெல்லிய நாடாவாக வார்த்தால் நாடாவின் தளத்திலேயே படுக்கும். சூளையில் மணி வளரும்போது இந்த ஒழுங்கு குறைவதற்குப் பதில் கூடுவதும் உண்டு, ஏனென்றால் படுத்திருக்கும் பெரிய மணிகள் சுற்றியுள்ள சிறியவற்றைத் தின்று அதே திசையில் வளர்கின்றன.

அதன்பின் வெடிப்புக்கு வழி இரண்டு. தகடுகளின் முகத்தை ஒட்டி ஓடினால் செலவு குறைவு. தகடுகளைக் குறுக்கே வெட்டிப் போவதானால் ஒவ்வொரு மணியிலும் திரும்ப வேண்டும், நெளிய வேண்டும், அல்லது மணியையே முறிக்க வேண்டும். பனஞ்சிலாகை நெடுக்காக ஒரே அடியில் பிளக்கும். குறுக்கே கோடரி பதியாது. ஆகவே மணி ஒழுங்கு ஒரு பாகத்தைப் பலமாக்குகிறது, பலவீனமாக்குகிறது என்று மொட்டையாகச் சொல்வதில் பொருளில்லை. பலத்தை ஒரு திசையிலிருந்து எடுத்து இன்னொரு திசைக்குக் கொடுக்கிறது. உங்கள் பாகத்தில் சுமை எந்தத் திசையில் விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும்.

எதையும் தொடுமுன்

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். பொருத்தும்போது நொறுங்குவது முறிவு தொடங்கிய இடந்தான். பொலித்தீன் பையில் தனித்தனியாகப் போட்டு, எந்தத் தொகுதி, எந்தச் சூட்டில் எந்தத் தட்டு என்று எழுதுங்கள்.

அடுத்தது, பச்சைப் பாகத்தில், அதாவது இன்னும் சுடாத பாகத்தில், திசைக்குறி இடும் பழக்கம். அம்புக்குறி ஒன்று போதும். பென்சிலால் இட்டால் சூளையில் எரிந்து மறைந்துவிடும். இரும்பு ஒட்சைட்டுத் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் ஒரு புள்ளி வைத்தால் சூளைக்குப் பிறகும் தெரியும். பிழிந்த திசை, அழுத்திய திசை, நாடா ஓடிய திசை எதுவானாலும் சரி. இந்தக் குறி இல்லாத பாகத்தில் கீழே சொல்லும் சோதனைகளில் பாதியைச் செய்யவே முடியாது. ஆய்வுகூடத்துக்குப் பணம் கட்டுவதைவிட இதைத் தொடங்குவது அவசரம்.

அறிகுறி: உலர்ந்தபோதே அல்லது சுட்டபின் கோணுகிறது, ஒரு பக்கம் கூடச் சுருங்குகிறது

கயோலின் (வெண்களி) சேர்ந்த கலவைகளில் இது அன்றாடம். பொரலஸ்கமுவக் கயோலின் என்றாலும் இறக்குமதிக் கயோலின் என்றாலும் அதன் துகள் தகடுதான். தகடுகளுக்கு இடையிலிருக்கும் தண்ணீர் போகும்போது அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால் தகட்டுக்குச் செங்குத்தான திசையில் சுருக்கம் அதிகம், தகட்டின் தளத்தில் குறைவு.

பச்சைத் தட்டில் 100 மில்லிமீற்றருக்கு 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றைக் கீறி, உலர்ந்தபின்னும் சுட்டபின்னும் இரு பக்கமும் அளவுங்கள், தடிப்பையும் அளவுங்கள். சதுரம் சதுரமாகவே இருந்து தடிப்பு மட்டும் கூடச் சுருங்கியிருந்தால் தகடுகள் தட்டையாகப் படுத்திருக்கின்றன; தட்டுக்கு இது பெரிய ஆபத்தல்ல. சதுரம் நீள்சதுரமாகியிருந்தால் தளத்துக்குள்ளேயே திசை இருக்கிறது. மூலைகள் தூக்குவதும் ஓரத்திலிருந்து உள்ளே கீறுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு குழப்பம் இங்கே அடிக்கடி வரும். மழைக்காலக் கொழும்பில் எதுவும் காயாது என்று தட்டுகளுக்குப் பக்கத்தில் மின்விசிறியை வைக்கிறார்கள். காற்றுப்படும் முகம் முதலில் சுருங்கி, தட்டு அந்தப் பக்கம் வளைகிறது. பார்வைக்கு இதுவும் மணி ஒழுங்கின் கோணலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே தொகுதியில் பாதித் தட்டுகளைத் திருப்பி வைத்துக் காய விடுங்கள். வளைவு விசிறியைப் பின்தொடர்ந்தால் உலர்த்தலில் பிழை. அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் ஒழுங்கில் பிழை. முதலாவதற்குப் பொலித்தீன் மூடி மெதுவாகக் காயவிடுவது போதும். இரண்டாவதற்கு நாடா அடுக்குகளை மாறி மாறி 90 பாகை திருப்பி அடுக்க வேண்டும், அல்லது தகட்டுத் துகளின் பங்கைக் குறைத்து உருண்டைத் துகளைக் கூட்ட வேண்டும்.

அறிகுறி: பிழிந்த குழாய் நெடுக்காகப் பிளக்கிறது

முதலில் வெடிப்புகளை எண்ணுங்கள். பல குழாய்களை அடுக்கி வைத்து, வெடிப்பு வட்டத்தின் எந்த இடத்தில் இருக்கிறதென்று குறியுங்கள். அது எப்போதும் குறிப்பிட்ட மூன்று அல்லது நான்கு இடங்களில்தான் விழுகிறதென்றால், டையைக் கழற்றிப் பாருங்கள். உட்துளையை உண்டாக்கும் தண்டைத் தாங்கி நிற்கும் கால்கள் எத்தனை? எண்ணிக்கை ஒத்துப்போனால் வேறு விசாரணை தேவையில்லை.

நடப்பது இதுதான். களி அந்தக் கால்களைத் தாண்டும்போது இரண்டாகப் பிரிந்து, பின்னால் மறுபடி ஒட்டுகிறது. ஒட்டும் தையலில் தகடுகள் சுவருக்குச் சமாந்தரமாகப் படுக்காமல் தையலின் வழியே நிமிர்ந்து நிற்கின்றன. குழாயின் மற்ற இடமெல்லாம் ஒரு விதம், அந்தக் கோட்டில் மட்டும் இன்னொரு விதம். சுருங்கும் அளவும் வேறு, ஒட்டும் பலமும் குறைவு. உள்ளே சூடேறி வெளியே குளிர்ந்திருக்கும் ஹீற்றர் குழாயில் வெளிச்சுவரில் இழுவை வருமல்லவா, அது நேரே இந்தத் தையலைத்தான் திறக்கும்.

கால்களைக் கத்தி முனைபோல் மெல்லிதாக்குவது, கால்களுக்குப் பின்னால் டை ஒடுங்கும் நீளத்தைக் கூட்டிக் களி நன்றாக நெருக்கப்பட வழிசெய்வது, கலவையைச் சற்று இளக்குவது என்பன பயன்தரும். சூளை அட்டவணையை மாற்றுவது பயன்தராது. ஆனாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள்.

வெடிப்பு எங்கும் விழுகிறது, இடம் மாறுகிறது என்றால் குழாயைக் குறுக்கே அறுத்து முகத்தைப் பாருங்கள். சுவர் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தால், தகடுகள் சுவரை ஒட்டி மிகையாகப் படுத்திருக்கின்றன, கூடவே களியில் காற்றும் இருந்திருக்கும். பிழியும் பொறியின் வெற்றிட அறையையும் அதன் சீலையும் பாருங்கள். திண்மக் கோலில் எஸ் வடிவ வெடிப்பு நடுவில் தெரிந்தால் அது திருகுத் தண்டு விட்டுச்சென்ற அடையாளம். திருகின் நுனியில் வழுவழுப்பான முகங்கள் மடிந்து, டை வரையிலும் ஒட்டாமலே வருகின்றன.

அறிகுறி: ஒரு பக்கம் வெட்டிய துண்டு தாங்குகிறது, மறுபக்கம் வெட்டியது உடைகிறது

இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

ஒரு தட்டிலிருந்து நெடுக்காகவும் குறுக்காகவும் கோல்கள் வெட்டி வளைத்துப் பார்த்தால் பலத்தில் வேறுபாடு வருகிறது. உடனே "மணி ஒழுங்கு" என்று முடிவுகட்ட முடியாது. ஏனென்றால் அரைக்கும் வைரச் சில்லும் ஒரு திசையில்தான் ஓடியிருக்கிறது. சில்லின் கீறல்கள் கோலின் நீளத்துக்குக் குறுக்கே இருந்தால், வளைக்கும்போது இழுவை நேரே அந்தக் கீறல்களைத் திறக்கும். நீளவாக்கில் இருந்தால் திறக்காது. மணிகள் தாறுமாறாகக் கிடக்கும் நல்ல அலுமினாவிலும் இந்த வேறுபாடு வரும். திசை இருக்கிறது, ஆனால் அதை உண்டாக்கியது அச்சல்ல, அரைத்தவர்.

பிரித்தறிய நான்கு கட்டுக் கோல்கள் தேவை. நெடுக்கே வெட்டி நெடுக்கே அரைத்தது, நெடுக்கே வெட்டிக் குறுக்கே அரைத்தது, குறுக்கே வெட்டி நெடுக்கே அரைத்தது, குறுக்கே வெட்டிக் குறுக்கே அரைத்தது. பலம் வெட்டிய திசையைப் பின்தொடர்ந்தால் மணி ஒழுங்கு. அரைத்த திசையைப் பின்தொடர்ந்தால் கீறல். இரண்டும் கலந்திருந்தால் அதுவும் தெரியும். வழக்கமான கோல் அளவு 3 மில்லிமீற்றருக்கு 4 மில்லிமீற்றர், நீளம் 45க்குக் குறையாமல். நான்கு புள்ளி வளைப்பில் வெளித்தாங்கிகள் 40 மில்லிமீற்றர், உட்தாங்கிகள் 20 மில்லிமீற்றர் இடைவெளியில். ஐஎஸ்ஓ 14704 என்ற சர்வதேச நியமம் சொல்வது இதையே. கட்டுக்குப் பத்துக் கோலுக்குக் குறையக் கூடாது. மூன்று கோல் உடைத்துச் சராசரி சொல்பவரை நம்ப வேண்டாம், செரமிக்கின் பலம் கோலுக்குக் கோல் அந்த அளவுக்குச் சிதறும். வைபுள் பகுப்பாய்வு (பலம் எப்படிச் சிதறுகிறது என்ற புள்ளிவிபரக் கணக்கு) வேண்டுமானால் முப்பது.

ஏன் திசை இவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். கிரிஃபித் 1920 இல் சொன்னதன் சாரம்: உடையும் தகைப்பை (பரப்பலகில் விழும் விசையை) தீர்மானிப்பவை இரண்டு, உள்ளே இருக்கும் மிகப் பெரிய குறையின் அளவு, வெடிப்புக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு. அலுமினாவின் வெடிப்பு எதிர்ப்பு வழக்கமான அலகில் 3.5 என்று வையுங்கள். கோலின் மேற்பரப்பில் அரைவட்டக் குறை ஒன்று சுமார் 85 மைக்ரோமீற்றர் ஆழத்தில் இருந்தால் அது 300 மெகாபஸ்காலில் உடையும். அதே குறை, அதே ஆழம், ஆனால் தகடுகளை ஒட்டி ஓடக்கூடிய திசையில் எதிர்ப்பு 2.5 ஆகக் குறைந்திருந்தால் 215 மெகாபஸ்காலிலேயே போய்விடும். குறையும் மாறவில்லை, சரக்கும் மாறவில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் பலம் போய்விட்டது.

வளைப்புச் சோதனைக்குக் கோல் வெட்ட வழியில்லாதபோது விக்கர்ஸ் கடினத் தழும்பு கைகொடுக்கும். மினுக்கிய முகத்தில் நாற்பக்க வைரக் கூம்பகத்தை அழுத்தினால் தழும்பின் நான்கு மூலைகளிலிருந்தும் வெடிப்புகள் ஓடும். திசையில்லாத பொருளில் நான்கும் ஏறத்தாழச் சமம். திசை இருந்தால் ஒரு சோடி நீளும், மறு சோடி குறுகும். நீளும் பக்கம் எதிர்ப்புக் குறைந்த பக்கம். நீளங்களின் விகிதம் 1.3 என்றால் எதிர்ப்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபாடு. பிறகு மாதிரியை 90 பாகை திருப்பி இன்னொரு தழும்பு இடுங்கள். நீண்ட சோடி மாதிரியோடு சேர்ந்து திரும்பினால் சரி. பொறியோடு நின்றுவிட்டால் கூம்பகம் சரிந்திருக்கிறது. முகத்தை நன்றாக மினுக்காமல் இதைச் செய்யாதீர்கள், அரைத்ததால் தங்கிய தகைப்பும் இதே விளையாட்டைக் காட்டும். தழும்பிலிருந்து எதிர்ப்பின் முழு எண்ணைக் கணக்கிட்டு அறிக்கையில் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரு திசைகளின் விகிதத்துக்கு மட்டும் அதை நம்புவேன்.

ஒழுங்கு உண்மையில் எவ்வளவு என்று எண்ணால் வேண்டுமென்றால் எக்ஸ்.ஆர்.டி. (பளிங்கு அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுக்க வேண்டும். அலுமினாவில் தகட்டு முகத்துக்குரிய உச்சிகள், தூள் மாதிரியோடு ஒப்பிடும்போது எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். லொட்கரிங் 1959 இல் தந்த குணகம் இன்றும் புழக்கத்திலுண்டு: 0 என்றால் தாறுமாறு, 1 என்றால் முழு ஒழுங்கு. கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொருள் விஞ்ஞான, பொறியியல் துறை மாதிரியான இடங்களில் இதைப் பேசலாம். மாதிரி கொடுக்கும்போது எந்த முகத்தை அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தூளாக்கி அளந்துவிட்டால் நீங்கள் தேடிய திசையும் தூளோடு போய்விடும்.

அறிகுறி: சுமையே இல்லை, சூளையிலிருந்து எடுத்தபின் தானாக வெடிக்கிறது

தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டிய பாகம் மந்தமாக ஒலிக்கிறது. சில பாகங்கள் குளிரும்போதே டிக் டிக்கென்று சத்தம் போடும். சில நாட்கள் கழித்து அலுமாரியில் வைத்தபடியே ஒன்று பிளந்திருக்கும்.

காரணம் அயல் மணிகளின் சண்டை. ஒவ்வொரு மணியும் தன் அச்சுப்படி சுருங்கப் பார்க்கிறது, பக்கத்து மணி விடமாட்டேன் என்கிறது. அலுமினா ஆயிரம் பாகை இறங்கும்போது மணி எல்லைகளில் 100 மெகாபஸ்கால் அளவில் தகைப்புத் தேங்கலாம். இந்தத் தகைப்பு மணியின் பருமனைப் பொறுத்ததல்ல. ஆனால் தேங்கும் சக்தி மணியின் கனவளவோடு கூடுகிறது. வெடிப்பு முகத்துக்குத் தேவையான சக்தியோ பரப்பளவோடுதான் கூடுகிறது. ஆகவே மணி ஒரு பருமனைத் தாண்டியதும் கணக்குக் கவிழ்கிறது, தானாக வெடிக்கிறது. அலுமினாவில் அந்தப் பருமன் பெரிது, சாதாரணப் பாகங்களில் எட்டுவதில்லை. அலுமினியம் டைட்டனேற்றிலோ ஓர் அச்சு சூடேறும்போது சுருங்குகிறது, இன்னோர் அச்சு பாகைக்கு மில்லியனில் 20 பங்கு அளவில் விரிகிறது. அங்கே ஓரிரு மைக்ரோமீற்றர் மணியே எல்லையைத் தாண்டிவிடும். அந்தப் பொருளை விற்பவர்கள் இந்த நுண்வெடிப்புகளையே பலனாகக் காட்டுகிறார்கள்: வெடிப்புகள் விரிவை உள்வாங்கிக்கொள்வதால் பாகம் வெளியே விரிவதில்லை, உருகிய அலுமினியத்தில் முக்கினாலும் அதிர்ச்சி தாங்கும். பலம் மட்டும் குறைவு.

ஆகையால் முதல் கேள்வி மணி பெருத்ததா என்பது. மின்வெட்டில் பாதியில் நின்ற சூளையை மறுபடி ஏற்றி முழு நேரமும் சுட்ட தொகுதியா அது? அப்படியானால் உச்ச வெப்பத்தில் கிடந்த நேரம் கூடியிருக்கும். சுண்ணாம்பும் சிலிக்காவும் கலந்த அலுமினாவில் சில மணிகள் மட்டும் தகடாக நீண்டு அரக்கத்தனமாக வளரும். சிறிதளவு மக்னீசியா சேர்த்து இதை அடக்கலாம் என்று கோபிள் 1960களின் தொடக்கத்திலேயே காட்டினார்.

மணி ஒழுங்கு இங்கே சுவாரசியமான வேலை செய்கிறது. எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்தால் அயல் மணிகளுக்குள் சண்டை குறைகிறது, நுண்வெடிப்பும் குறைகிறது. ஆனால் அரைகுறை ஒழுங்குதான் மோசம். ஒழுங்காகப் படுத்த பெரும் பரப்பின் நடுவே குறுக்காகக் கிடக்கும் ஒரு திட்டு இருந்தால், அந்தத் திட்டு ஒரே பெரிய மணிபோல நடந்துகொள்ளும். நுண்மணிப் பொருளிலும் தானாக வெடிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நுணுக்குக்காட்டியில் மணி சிறிதாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், முனைவாக்கிய ஒளியில் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

பாகத்தை உடைக்காமல் கண்டுபிடிக்கக் காது போதும். கோலை நூலில் தொங்கவிட்டுத் தட்டி, கைத்தொலைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைப் பிடியுங்கள். நல்ல கோலைவிட அதிர்வெண் பத்து வீதம் குறைந்திருந்தால், அளவும் நிறையும் சமமாக இருக்கும்பட்சத்தில், விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. உள்ளே நுண்வெடிப்பு இருக்கிறதென்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

நாட்கள் கழித்து வெடிப்பது ஈரத்தின் வேலையாகவும் இருக்கும். தகைப்பில் இருக்கும் வெடிப்பு நுனியின் பிணைப்புகளை நீராவி மெல்ல அறுக்கிறது. கொழும்பின் காற்றில் அதற்குக் குறைவேயில்லை. ஒரு தொகுதியின் பாதியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலும் மறுபாதியை வெளியிலும் வையுங்கள். வெளியில் உள்ளவை மட்டும் பிளந்தால் தகைப்பு உள்ளேயே தங்கியிருக்கிறது, ஈரம் அதை முடித்துவைக்கிறது. பெட்டியில் பூட்டிவைப்பது இதற்குத் தீர்வல்ல. தகைப்பைக் குறைக்க வேண்டும்.

அறிகுறி: மூசையின் சுவர் தோலாக உரிகிறது

செட்டியார்தெருப் பக்கம் ஒரு பத்தர் கேட்டது: "தம்பி, புது மூசை, இரண்டாம் உருக்கிலயே உள்ளுக்கு உரியுது. என்ன சாமான் இது?"

"எங்க வச்சிருந்தீங்க ஐயா?"

"எங்க வைக்கிறது, தொட்டிக்குப் பக்கத்திலதான்."

களிமண்ணும் காரீயமும் (கிராஃபைட்டும்) சேர்ந்த மூசையை உருளை வைத்துச் சுழற்றி உருவாக்கும்போது காரீயச் செதில்கள் சுவருக்குச் சமாந்தரமாகப் படுக்கின்றன. சூடு சுவரின் வழியே விரைவாக ஓடும், சுவரினூடாக மெதுவாகப் போகும். தொட்டியோரத்து ஈரம் குடித்த மூசையை நேரே நெருப்பில் வைத்தால் உள்ளே நீராவி பிறந்து, செதில் அடுக்குகளுக்கிடையே வழிதேடுகிறது. உரிவது அந்த அடுக்கில்தான். முதல் தடவை மெதுவாக 200 பாகை செல்சியசுக்கு மேலே கொண்டுபோய் வெறுமையாக உலர்த்தினால் இது நிற்கும். நாற்புறமும் சமமாக அமுக்கிச் செய்த மூசைகளில் செதில்கள் தாறுமாறாகக் கிடப்பதால் உரிவது குறைவு, விலை கூட.

உரியாமல் மேலிருந்து கீழாகப் பிளந்தால் காரணம் வேறாக இருக்கலாம். மிச்ச உலோகத்தை அடியில் உறையவிட்டு மறுநாள் சூடாக்கினால், உலோகம் மூசையைவிடக் கூட விரிந்து உள்ளிருந்து தள்ளும். அதற்கு எந்த மணி ஒழுங்கும் ஈடு கொடுக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காரீயம் உலகச் சந்தைக்குப் போனது பெருமளவு மூசை செய்யத்தான். போகலவிலும் கஹட்டகஹவிலும் இன்றும் அதைத் தோண்டுகிறார்கள்.

அறிகுறி: பஞ்சிகாவத்தையில் வாங்கிய கன்வேட்டரின் (வாகனப் புகையைச் சுத்தமாக்கும் கருவியின்) உட்கட்டி குறுக்கே இரண்டாக முறிந்திருக்கிறது

இங்கே மணி ஒழுங்கைக் குற்றவாளியாக்க வேண்டாம், அது நன்மை செய்யும் இடம் இது. தேன்கூடு மாதிரியான அந்தக் கோடியரைட் என்ற செரமிக் கட்டியைப் பிழியும்போது கயோலின், டால்க் தகடுகள் மெல்லிய சுவர்களில் படுத்துவிடுகின்றன. சுட்டபின் பிறக்கும் கோடியரைட்டில் சூடேறும்போது சுருங்கும் அச்சு சுவரின் தளத்தில் அமைகிறது. அதனால் கட்டியின் விரிவு பாகைக்கு மில்லியனில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. லக்மன், லூயிஸ் இருவரும் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1975 இல். நடுவில் குறுக்கு வளையமாக முறிந்திருந்தால் எஞ்சினைப் பாருங்கள்: தவறிப் பற்றும் பிளக்கிலிருந்து எரியாத பெற்றோல் வந்து கட்டிக்குள் எரிந்து, நடுவுக்கும் ஓரத்துக்கும் பெரிய வெப்ப வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கும். கட்டியை மாற்றி எஞ்சினை விட்டால் அடுத்ததும் முறியும்.

அறிகுறி: வெடிப்பு எதிர்ப்பு கூடியது, பலம் கூடவில்லை

நீண்ட மணிகளை வேண்டுமென்றே வளர்த்தவர்களின் முறைப்பாடு இது. சிலிக்கன் நைத்திரைட்டில் குச்சி மணிகள் வெடிப்பின் இரு கரையையும் பாலம்போட்டுப் பிடிக்கின்றன. வெடிப்பு நீள நீள எதிர்ப்பு ஏறுகிறது. விதை மணிகளைச் சேர்த்து, நாடாவாக வார்த்து, குச்சிகளை ஒரே திசையில் படுக்கவைத்து எதிர்ப்பையும் பலத்தையும் சேர்த்தே உயர்த்தலாம் என்று 1990களில் ஜப்பானில் காட்டினார்கள். குச்சிகளைக் குறுக்கே வெட்டும் திசையில் மட்டும்.

பலம் ஏறவில்லையென்றால் முறிந்த முகத்தில் தொடக்கப் புள்ளியைத் தேடுங்கள். பத்து மடங்கு கைவில்லையும் சாய்ந்த வெளிச்சமும் போதும். வழுவழுப்பான கண்ணாடி வட்டத்தின் மையத்தில் ஒரு பூதமணி உட்கார்ந்திருந்தால், நீங்கள் வளர்த்த மணியே குறையாகிவிட்டது. விதையின் பருமனைச் சல்லடையில் ஒரே அளவாக்குங்கள், அளவையும் குறையுங்கள். பாலம் போடும் எதிர்ப்பு நீண்ட வெடிப்புக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். சிறு குறையிலிருந்து உடையும் பாகத்துக்கு அதன் பயன் கொஞ்சமே.

திசையே இல்லாத வெடிப்பு

இரண்டு வகை வெடிப்புகளில் மட்டும் மணி ஒழுங்கைத் தேடாதீர்கள். போர்சலின் காவலியில் குவார்ட்சு மணியைச் சுற்றி வளையமாக வரும் வெடிப்பு 573 பாகை செல்சியசில் குவார்ட்சு சட்டென்று சுருங்குவதால் வருவது. அந்த வெப்பத்தை மெதுவாகக் கடக்கவிடுங்கள். பல் மருத்துவ ஆய்வுகூடங்களின் சேர்கோனியா ஈரத்தில் நாட்பட மேற்பரப்பு சொரசொரத்து நுண்வெடிப்பு காட்டினால், அதன் நாற்கோணப் பளிங்குக் கட்டமைப்பு மாறி ஏறத்தாழ நான்கு வீதம் பருத்திருக்கிறது. அது நிலைப்படுத்தியின் (அந்தக் கட்டமைப்பைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் பொருளின்) விடயம்.

அடுத்த தொகுதிக்குக் கட்டளை கொடுக்கும்போது

வரைபடத்தில் அளவுகளை எழுதுகிறோம், சுத்தத்தை எழுதுகிறோம், அடர்த்தியை எழுதுகிறோம். பாகத்தில் இழுவை எந்தத் திசையில் விழும் என்று ஓர் அம்பு வரையுங்கள். எப்படி உருவாக்குவார்கள், அழுத்துவதா, பிழிவதா, வார்ப்பதா என்று கேட்டு, அந்தத் திசையையும் இன்னோர் அம்பாகப் போடச் சொல்லுங்கள். அரைக்கும் திசைக்கு மூன்றாவது அம்பு. மூன்றும் ஒத்துப்போகாத இடத்தைக் காகிதத்திலேயே பிடித்துவிடலாம். வழங்குபவர் அம்பு போட மறுத்தால், மாதிரிக்கு நான்கு கட்டுக் கோல் கேளுங்கள்.